ஞாயிறு மதியம் அடித்த அலாரம்

எங்கள் அலுவலகத்தில் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று நாங்களே கேலி பேசிக்கொள்வோம். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நோட்ஸ் போடும் சின்னப் பதிப்பகம் அது. மயிலாப்பூரில் ஒரு குறுகலான தெருவில், கல்யாண மண்டபத்தை ஒட்டிய பழைய வீட்டின் தரைத்தளம். முன்னறையில் நாலைந்து கம்ப்யூட்டர்கள். பின்னறை முழுக்கக் கூரையை முட்டும் புத்தகக் கட்டுகள். நான் அங்கே புரூஃப் பார்ப்பவள். பக்கத்துத் தெருவில் ஒரு செல்போன் கடையை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் முதலாளிக்கு நிம்மதி போய்விட்டது. சீக்கிரமே அலாரம் வந்து இறங்கியது.

மாட்ட வந்தவர் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து விளக்கினார். வாசல் கதவில் ஒரு காந்தம். சுவர் மூலைகளில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். அறையில் ஆள் அசைந்தால் அவற்றுக்குத் தெரிந்துவிடும். தெருவைப் பார்த்தாற்போல் ஒரு சைரன். சாயங்காலம் பூட்டிப் போகிறவர் வாசலோரப் பலகையில் எண்ணை அழுத்தி அலாரத்தைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். காலையில் திறப்பவர் உள்ளே வந்ததும் அதே எண்ணை அழுத்தி அணைக்கவேண்டும். தாமதித்தால் தெருவே எழுந்துவிடும். இதெல்லாம் போக, முதலாளி எங்கே இருந்தாலும் தன் போனிலிருந்தே போடலாம், அணைக்கலாம்; அலாரம் அடித்தால் அவர் போனுக்குத் தகவலும் போகும்.

"மேடம்தான் தினமும் முதல்ல வர்றாங்க. ஒரு சாவியும் அவங்ககிட்ட இருக்கு. அவங்களுக்கு நம்பர் சொல்லிக் குடுத்திருங்க" என்றார் முதலாளி. என்னைவிட வயதில் சின்னவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் அங்கே இருப்பதால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. எல்லோருக்கும் முன்னால் அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் ஏன் தினமும் முதல் ஆளாக வருகிறேன் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

கணவர் இறந்த பிறகு சாந்தோமில் நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அசோக் நகரில் மகனோடு போய்ச் சேர்ந்தேன். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. நாங்கள் இரண்டு பேர் இருந்தவரை அது போதுமான வீடாகத்தான் இருந்தது. பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. நல்ல பெண். வந்த அன்றே, "அத்தை, நீங்க உள்ள படுத்துக்கோங்க, நாங்க ஹால்ல படுத்துக்கறோம்" என்று சொன்னவள். நான் சிரித்துக்கொண்டே தலையணையை எடுத்துக்கொண்டு ஹால் சோபாவுக்கு வந்துவிட்டேன்.

படுக்கையறைக் கதவு ஹாலைப் பார்த்துத்தான் திறக்கும். பாத்ரூமுக்குப் போகவேண்டும் என்றால் அவர்கள் என் சோபாவைத் தாண்டித்தான் போகவேண்டும். கதவு கிறீச்சிடும்போதெல்லாம் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். ஒருநாள் படுத்த கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எதற்கோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். எனக்குத் தொண்டை கமறி, அடக்கப் பார்த்தும் முடியாமல் இருமிவிட்டேன். சிரிப்பு சட்டென்று நின்றது. அதன் பிறகு உள்ளே பேச்சே இல்லை. மறுநாள் காலையில் மருமகள் எனக்குக் காபி கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருமியதற்காக ஒருத்தி அவ்வளவு வெட்கப்பட முடியும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளிலும் ஹாலில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அவள் சமையலறையிலும் அவன் பால்கனியிலுமாக நாள் போகும்.

"பரீட்சை சீசன் வருது, இனிமே ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் உண்டு" என்று ஒருநாள் சொன்னேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

முதலில் சில வாரங்கள் ஊர் சுற்றினேன். பழகிய மாதா கோவில் என்று சாந்தோமுக்குப் போய்க் காலைப் பூசை பார்ப்பேன். பூசை முடிந்ததும் போக இடம் இருக்காது. கடற்கரை மணலில் அந்த வெயிலில் உட்கார முடியாது. பூங்காவை வெயில் ஏறுவதற்குள் பூட்டிவிடுவார்கள். பறக்கும் ரயில் நிலையத்தில் நிழல் உண்டு என்று போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ரயில்வே போலீஸ்காரப் பெண் ஒருத்தி வந்து, "எங்கம்மா போகணும்? வண்டி வந்துவந்து போகுது, நீங்க ஏறவே மாட்றீங்க?" என்றாள். அடுத்து வந்த வண்டியில் ஏறி, எங்கேயோ இறங்கி, திரும்பி வந்தேன். அன்றைக்குத்தான் கைப்பையில் இருந்த அலுவலகச் சாவி நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தனி சந்தோஷம். பூசை முடிந்து நேராக அங்கே போவேன். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வேன். துணிப்பையில் கொண்டுபோன நைட்டியை மாற்றிக்கொண்டு, பின்னறையில் புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால் பாயை விரித்துக் காலை நீட்டிப் படுப்பேன். கட்டிக்கொண்டு போன தயிர்சாதத்தைச் சாப்பிடுவேன். சில நாள் வாய்விட்டுப் பாடுவேன். தூங்கினால் குறட்டை விடுவேன் என்று என் கணவர் சொல்வார். விடட்டுமே, யாருக்கும் கேட்காது. வேலை எதுவும் பார்க்கமாட்டேன். ஒரு அறையில் நான் மட்டும் இருப்பது, அவ்வளவுதான்.

அலாரம் வந்த பிறகும் இது நிற்கவில்லை. எனக்குத்தான் எண் தெரியுமே. உள்ளே வந்ததும் அணைத்துவிட்டு, கிளம்பும்போது மறுபடி போட்டுவிட்டு வருவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மண்டபத்தில் ஏதோ கல்யாணம். மேளச் சத்தத்திலேயே நான் தூங்கிப்போனேன். முதலாளி அப்போது அடையாறில் தன் வீட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்திருக்கிறார். புது அலாரம் அவருக்கு ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி. திறந்து பார்த்தால் 'அணைக்கப்பட்டுள்ளது' என்று காட்டியிருக்கிறது. சனிக்கிழமை கடைசியாகப் போனவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, அங்கிருந்தபடியே போட்டுவிட்டார். கட்டுகளுக்குப் பின்னால் படுத்திருந்ததால் நான் அந்த வெள்ளைப் பெட்டிகளின் கண்ணில் படவில்லை. இதெல்லாம் பிறகு அவர் சொல்லித்தான் தெரியும்.

விழித்து, தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து முன்னறைக்கு இரண்டு எட்டு வைத்தேன். சைரன் அலறியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? காதுக்குள் இல்லை, பல்லுக்குள் கேட்டது. பலகைக்கு ஓடினேன். எண் மறந்துபோயிற்று. தினமும் காலையில் விரல் தானாக அழுத்தும் எண். எதையெதையோ அழுத்தினேன். அது இன்னும் பலமாகக் கத்துவதுபோல் இருந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டிக் கத்தினார்கள். அந்தச் சத்தத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று தாழைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். என்ன உடுத்தியிருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை.

தெரு முழுக்கப் பட்டுப்புடவை. சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே நின்றிருந்த கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்கள் வாசலைப் பார்த்து நின்றார்கள். நடுவில் நான், பூப்போட்ட பழைய நைட்டியும் அவிழ்ந்த கொண்டையுமாக, செருப்புகூட இல்லாமல்.

மண்டபத்து வாட்ச்மேன் கம்போடு வந்தார். எதிரே வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர் அவரைத் தடுத்தார். "யோவ், இரு இரு. இந்தம்மா இங்க வேல செய்றவங்கதான். டெய்லி பாக்குறேன்" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னாமா இது, ஞாயித்துக்கெழமைல... உள்ள வேற யார்னா கீறாங்களா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லைங்க" என்றேன். அது பொய் சொல்வதுபோல்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் சைரன் தானாக ஓய்ந்தது. உள்ளே போய்ப் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று படியில் கால் வைத்தேன். வாட்ச்மேன் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"ஓனர் வர்ற வரிக்கும் உள்ள போவாதம்மா. அப்பால எங்க மேல வரும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் சுவரோரமாக, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே என் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பட்டுப்புடவைக்காரம்மா ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அன்று காலையில் நான் பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள். என் ஐம்பத்தாறு வயதும், என் கணவரோடு வாழ்ந்த வாழ்க்கையும், ஒழுங்கும், எல்லாம் அந்த நைட்டிக்குள் சுருங்கிப்போய் நின்றன.

முதலாளி காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மேடம்... நீங்களா? நான் போன் மேல போன் போடறேன். நீங்க எடுக்கலைன்னதும், யாரோ உங்ககிட்டேர்ந்து சாவியப் புடுங்கிட்டாங்கன்னு நெனச்சு உங்க பையனுக்குப் போட்டேன்."

"அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அம்மா எங்கன்னு கேட்டேன். ஆபீஸ்லதான் சார்னான். ஞாயித்துக்கிழமை ஆபீஸே கிடையாதேப்பான்னேன்." சொல்லும்போதே அவருக்கு ஏதோ புரிந்ததுபோல் பேச்சை நிறுத்தினார். "வந்துகிட்டிருக்கான்."

அவர் உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன். முன்னறையைப் பார்த்தார். பாத்ரூம் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். பின்னறைக்குப் போய் ஒவ்வொரு வரிசையாகக் கட்டுகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். பாயையும் காலி டிபன் பாக்ஸையும் பார்த்தார். இரண்டாவது டிபன் பாக்ஸ் இருக்கிறதா என்று அவர் கண் தேடியது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் என்னை மேடம் என்று கூப்பிட்டவர், இன்னொரு ஆளைத் தேடினார். அதற்கு நான் அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

"சும்மா கொஞ்ச நேரம் படுத்துக்கலாம்னுதான் சார் வந்தேன்" என்றேன்.

"படுத்துக்கவா?" என்றார்.

அப்போது மகனும் மருமகளும் வண்டியில் வந்து இறங்கினார்கள். மருமகள்தான் முதலில் உள்ளே வந்தாள். எதுவும் கேட்காமல் தன் துப்பட்டாவைக் கழற்றி என் தோளில் போட்டாள். மகன் பின்னறை வாசலில் நின்று கட்டுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பாயைப் பார்த்தான், கொடியில் மடித்துப் போட்டிருந்த என் புடவையைப் பார்த்தான்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்கதான் வந்தியாம்மா?"

நான் தலையாட்டினேன்.

முதலாளி அவனைப் பார்த்து, நல்ல எண்ணத்தில்தான், "வீட்ல ஏதாவது பிரச்சினையாப்பா?" என்று கேட்டார்.

என் மகனின் முகம் கறுத்துவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கால்சட்டையை நனைத்துவிட்டு வந்த அன்று பார்த்த முகம் அது. "ஒண்ணும் இல்ல சார்" என்றான். அவன் நல்லவன். சாப்பிட்டாயா அம்மா என்று கேட்காமல் ஒருநாளும் தூங்கப் போகாதவன். ஊருக்கு முன்னால் தாயைத் துரத்திவிட்டவனாக அவனை நிறுத்தியது நான்.

மருமகளும் நானும் ஆட்டோவில் வந்தோம். அவன் பின்னாலேயே வண்டியில் வந்தான். தேனாம்பேட்டை சிக்னலில் நின்றபோது அவள் வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"எங்களுக்காகவா அத்தை?"

ஆட்டோக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற பஸ்ஸைப் பார்த்தேன். அவள் காதுமடல் சிவந்துபோயிருந்தது. "நாங்க உங்களப் போகச் சொல்லலையே" என்றாள் மெதுவாக. பச்சை விழுந்து ஆட்டோ கிளம்பியது.

திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "இனிமே திறக்கறதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன் மேடம். உங்களுக்கு எதுக்குக் காலங்காத்தால சிரமம்" என்றார். சாவியை எடுத்து மேஜையில் வைத்தேன். அலாரத்தின் எண்ணையும் மாற்றிவிட்டார். டைப் செட் செய்யும் பெண், மதியம் சாப்பிடும்போது, "தனியாவா மேடம் இருந்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். கூட உட்கார்ந்திருந்த மற்ற இருவரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். "ஆமா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன். அன்று ஒரு பக்கம் புரூஃபில் அத்தனை பிழைகளை விட்டேன்.

வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போகும்போது ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மகன், "நாங்க படத்துக்குப் போறோம்மா, அப்படியே வெளிய சாப்பிட்டுட்டு சாயங்காலம்தான் வருவோம். நீ நிம்மதியாப் படுத்துத் தூங்கு" என்று சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். அதற்கடுத்த வாரமும் படம். அதற்கும் அடுத்த வாரம் பீச்.

அன்று மதியம் தயிர் வாங்கலாம் என்று கீழே இறங்கினேன். பார்க்கிங்கில், தூணுக்குப் பின்னால், நிறுத்தியிருந்த வண்டிமேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முதுகில் சுடிதார் வேர்வையில் ஒட்டியிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

நான் நின்றதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். மகன் எழுந்து நின்றான்.

"படம் சீக்கிரம் முடிஞ்சிருச்சும்மா" என்றான்.

"நீ பீச்சுக்குன்னுதானே சொன்ன?"

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "வெயில்ல எங்க அத்தை போறது?" என்றாள். "மேல வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படி ஏறினேன். தயிரை மறந்துவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, நான் தனியாக ஒரு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க தெரியுமா? பொண்டாட்டி வந்ததும் அம்மாவத் தள்ளிட்டான்னு சொல்வாங்க."

"சொல்லட்டும். அதுக்காக நீ பார்க்கிங்ல உக்காருவியா?"

அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சொந்தக்காரர்கள் அவன் பயந்தபடியேதான் பேசினார்கள். என் நாத்தனார் போன் செய்து அவனைக் கேட்ட கேள்வியை அவன் என்னிடம் சொல்லவில்லை. நாத்தனார்தான் பிறகு என்னிடம் தானாகவே சொல்லிக் காட்டினாள். நான் எத்தனை விளக்கினாலும் அந்தப் பேர் அவனுக்கு ஒட்டிக்கொண்டதுதான். இன்றைக்கும் குடும்பக் கல்யாணங்களில் அவன் பந்திக்கு நிற்காமல் கிளம்பிவிடுகிறான்.

மயிலாப்பூரிலேயே, வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில் ஒரு ஒற்றை அறை கிடைத்தது. அங்கே என் வயதில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் சொன்னதில்லை. மருமகள் போனில் இப்போது முன்னைவிடக் கலகலவென்று பேசுகிறாள். நான் அங்கே போகும்போது கீழேயிருந்தே போன் பண்ணிவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். அவள் அதற்குக் கோபித்துக்கொள்கிறாள். ஆனாலும் போன் பண்ணாமல் ஏற எனக்குக் கால் வருவதில்லை.

முதல் மாதம் மகன் என்னைப் பார்க்க வந்தான். ஆண்களுக்கு முன்கூடத்தைத் தாண்டி அனுமதி இல்லை. வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வாழைப்பழமும் பிரெட்டும் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். வார்டன் வந்து பார்த்துவிட்டு, "பையனா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரூம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

"போட்டோ இருந்தா காட்டு."

மாடிக்குப் போய்ப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். கட்டில், ஒரு மேஜை, கம்பி போட்ட ஜன்னல், வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. படத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அவன் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தான்.

"ஃபேன் நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"உள்ள தாழ் இருக்குல்ல?"

"இருக்கு."

சரி என்று போனைத் திருப்பிக் கொடுத்தான். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, பழம் நிறையப் பழுத்துவிட்டது, நாளைக்குள் சாப்பிட்டுவிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.